புதன் இரவு கிழக்குக் காற்று: தென்கிழக்கு இங்கிலாந்தில் பனி கொட்டுமா?

கீழைக்காற்று | வெள்ளி, மாலை 7:20

இன்றைய 12 மணி ரன்னில் (நண்பகல் அளவீடுகளிலிருந்து ஓட்டிய கணினிக் கணிப்பில்) ஐரோப்பிய வானிலை மாடலும் அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ்ஸும் கிட்டத்தட்ட ஒரே படத்தைத் தருகின்றன. ஸ்காண்டிநேவியாவுக்கு மேல் உயரழுத்தம் உட்கார்கிறது. அதன் தெற்கு விளிம்பைச் சுற்றி வரும் கிழக்குக் காற்று போலந்து, வட ஜெர்மனி, நெதர்லாந்து தாண்டி, வடகடலைக் கடந்து நம் பக்கம் வருகிறது. புதன் மாலை 6 மணிக்கு 850 ஹெக்டோபாஸ்கலில், அதாவது சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், கென்ட்டுக்கும் எசெக்ஸுக்கும் மைனஸ் 10 பாகை செல்சியஸ். லண்டனுக்கு மைனஸ் 9.

இரண்டு மாடல்கள் ஒத்துப்போவது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். ஐரோப்பிய மாடலின் 51 உறுப்பினர்களின் (தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டிய 51 கணிப்புகளின்) வெப்பநிலைக் கோடுகளை லண்டனுக்கு எடுத்துப் பாருங்கள். செவ்வாய் வரை எல்லாம் முறுக்கிய கயிறு மாதிரி ஒன்றாக இறங்குகின்றன. புதன் மதியத்துக்குப் பிறகு பிரிந்து, மைனஸ் 3 முதல் மைனஸ் 13 வரை விரிகின்றன. அந்த விரிப்பு சுருங்கும் வரை இந்த இழையில் யாரும் சென்டிமீட்டர் கணக்குப் பேச வேண்டாம், தயவுசெய்து. கலர் கலராகப் பனி ஆழம் காட்டும் படங்களும் இப்போதைக்கு வேண்டாம்.

வடகடல் | வெள்ளி, இரவு 8:05

படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனால் 120 மணித்தியாலம் இன்னும் கிடக்கு. கெட்டுப்போறதெண்டால் எந்தெந்த வழியால கெட்டுப்போகும் எண்டதை இப்பவே எழுதி வைப்பம். பிறகு ஒவ்வொரு ரன்னிலயும் அதைத் தேடலாம்.

முதலாவது, உயரழுத்தம் தெற்கால சரியிறது. நோர்வேக்கு மேல இருக்கவேண்டிய மையம் டென்மார்க்குக்கோ எங்களுக்கு மேலயோ இறங்கினால் குளிர் வரும், பனி வராது. காற்று கீழ்நோக்கி அமிழ்ந்து, 1,000 மீற்றரிலயே மூடி போட்டதுபோல வெப்பத் தலைகீழ் அடுக்கொண்டு உருவாகும். கடலில இருந்து எழும்புற மேகம் அந்த மூடியில முட்டித் தட்டையாப் போகும். நாள் முழுக்கச் சாம்பல் வானம், இடைக்கிடை மாத்தூள் தூவினமாதிரி. அவ்வளவுதான்.

இரண்டாவது, கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில வாற சின்னத் தாழ்வழுத்தம். இது ஆழமாகி நோர்வேயின்ட வடக்கால ஏறினால் உயரழுத்தத்தின்ட முதுகில இடிச்சு அதைத் தட்டையாக்கிப் போடும். இதே தாழ்வழுத்தம் பிரிஞ்சு, ஒரு துண்டு பிரிட்டனுக்குத் தெற்கால பிஸ்கே விரிகுடாப் பக்கம் இறங்கினால் எங்களுக்கு இரட்டை அதிர்ஷ்டம்: கிழக்குக் காற்றும் இறுகும், தெற்கில இருந்து ஈரமும் வரும்.

ஆகவே தரைப் படத்தைப் பார்க்க முதல் 500 ஹெக்டோபாஸ்கல் படத்தை, அதாவது 5 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல உள்ள படத்தைப் பாருங்கோ. திங்கள் காலை அந்தத் தாழ்வழுத்தம் எங்க நிக்குது எண்டதிலதான் புதன் இரவு தங்கியிருக்கு.

ஈஸ்ட்ஹாம்_புதியவர் | வெள்ளி, இரவு 9:12

ஃபோன் ஆப்பில் புதன் இரவுக்கு 8 சென்டிமீட்டர் என்று காட்டுகிறது. நம்பலாமா? இன்னொரு கேள்வி: வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ரடோஸ்ஃபியர் திடீரென்று சூடானால் கட்டாயம் பனி வரும் என்கிறார்களே, உண்மையா?

வடகடல் | வெள்ளி, இரவு 9:40

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லுறன். திடீர் சூடேற்றத்தை 1952-இல பெர்லினில ரிச்சர்ட் ஷெர்ஹாக் எண்டவர் பலூன் அளவீட்டில கண்டுபிடிச்சவர். நாங்கள் பார்க்கிற அளவுகோல், 60 பாகை வட அகலாங்கில், 10 ஹெக்டோபாஸ்கல் உயரத்தில, மேற்குக் காற்று கிழக்காத் திரும்புதா எண்டது. அது தரையில இருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். அங்க நடக்கிறது கீழ இறங்கிவரக் கிழமைக்கணக்கா எடுக்கும், சில நேரம் இறங்காமலே விடும்.

2018-இல பெப்ரவரி 12 அளவில காற்றுத் திரும்பினது. இரண்டு கிழமை கழிச்சு, 26-ஆம் தேதியில இருந்து கடும் கிழக்குக் காற்று. அது பிடிச்சது. 2019 ஜனவரி தொடக்கத்திலயும் திரும்பினது. தென்மேற்கு இங்கிலாந்தில மாதக் கடைசியில கொஞ்சம் பனி, பிறகு பெப்ரவரி 26 அன்று கியூ தோட்டத்தில 21.2 பாகை செல்சியஸ்! ஆகவே சூடேற்றம் எண்டது சீட்டுக்கட்டைக் கலைக்கிறது மட்டும்தான். நல்ல சீட்டுத்தான் எங்கட கைக்கு வரும் எண்டு இல்லை.

அளவுகோல் | வெள்ளி, இரவு 10:03

ஆப் கேள்விக்கு நான். அந்த 8 சென்டிமீட்டர் எப்படி வருகிறது தெரியுமா? மாடல் பனியாக விழும் நீரை மில்லிமீட்டரில் கணக்கிடுகிறது. பல ஆப்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பத்தால் பெருக்குகின்றன. 8 மில்லிமீட்டர் நீர், 8 சென்டிமீட்டர் பனி. பத்துக்கு ஒன்று என்ற அந்த விகிதம் சராசரிதான். 1 பாகையில் விழும் ஈரப் பனி ஐந்து மடங்கு கூடத் தேறாது. மைனஸ் 4-இல் விழும் பொடிப்பனி 15 மடங்கு வரை உப்பும். அதோடு, விழுந்தது தங்குகிறதா, நனைந்த தார்ச்சாலையில் பட்டவுடன் கரைகிறதா என்று அந்தப் பெருக்கலுக்குத் தெரியாது. ஆப்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் ஜிஎஃப்எஸ் தரவின் கட்டம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். தாழ்வான ஈஸ்ட் ஹாமும் குன்றின் மேலுள்ள பிகின் ஹில்லும் அதற்கு ஒரே இடம்!

ஆகவே ஆப்பை மூடிவிட்டு, புதன் வரை மூன்றே எண்களைப் பாருங்கள்: 850 வெப்பநிலை, தரையில் ட்யூ பாயிண்ட், காற்று வரும் திசை.

பிகின்ஹில்_182 | சனி, காலை 8:31

காலை ரன்னில் ஜிஎஃப்எஸ் பின்வாங்கிவிட்டது. உயரழுத்தத்தை டென்மார்க்குக்கு இறக்கி, 850-ஐ மைனஸ் 6 ஆக்கியிருக்கிறது. வடகடல் அண்ணை சொன்ன முதல் வழி. ஐரோப்பிய மாடல் அசையவில்லை. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் உலக மாடலும் ஐரோப்பியப் பக்கம்.

ஒரு ரன்னைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு தடவை ஓடுகிறது, அதனால் நான்கு தடவை மனம் மாறுகிறது. 0 மணி ரன்னை நேற்றைய 0 மணி ரன்னோடும், 12-ஐ 12-ஓடும் ஒப்பிடுங்கள்.

கீழைக்காற்று | சனி, இரவு 7:15

மாலை ரன்: ஜிஎஃப்எஸ் பாதி தூரம் திரும்பி வந்திருக்கிறது. ஐரோப்பிய உறுப்பினர்களின் விரிப்பு மைனஸ் 6-க்கும் மைனஸ் 12-க்கும் இடையே சுருங்கியிருக்கிறது. சின்னத் தாழ்வழுத்தம் ஐஸ்லாந்துக்குத் தெற்கே பிரிகிறது.

வடகடல் | ஞாயிறு, காலை 9:02

மூண்டு மாடலும் ஒரு வழிக்கு வந்திட்டுது. இனிக் கிழக்குக் காற்று வருமா எண்ட கேள்வி இல்லை, எந்தப் பாகையில, அதாவது சரியா எந்தத் திசையில இருந்து வரும் எண்டதுதான். ஏன் வெப்பநிலைப் பாகையையும் திசைப் பாகையையும் பற்றி இவ்வளவு கதைக்கிறன் எண்டதை விளக்கமா எழுதுறன், ஏனெண்டால் லண்டன் பனியின்ட உயிர்நாடி அதுதான்.

வடகடல் இந்த மாதத்தில 6 முதல் 8 பாகை இருக்கும். அதுக்கு மேல 850-இல மைனஸ் 10 காற்று வந்தால் வித்தியாசம் 16 முதல் 18 பாகை. 13 பாகை தாண்டினாலே உலையில கொதி வாறமாதிரிக் கடலில இருந்து காற்றுக் குமிழி குமிழியா எழும்பி மேகமாகும். 850 மைனஸ் 5 எண்டால் வித்தியாசம் 12-ஐ ஒட்டித்தான் நிக்கும், கொதி வராது. மைனஸ் 10-க்கு இவ்வளவு மதிப்பு அதாலதான்.

ஆனால் கொதிக்க நேரமும் தூரமும் வேணும். காற்றுச் சரியாக் கிழக்கில இருந்தோ தென்கிழக்கில இருந்தோ வந்தால் பெல்ஜியத்துக்கும் கென்ட்டுக்கும் இடையில கொஞ்சக் கடல்தான். மேகம் முளைக்க முதல் கரை வந்திடும். வடக்கு வடகிழக்கு எண்டால் நீளமான கடல், ஆனால் மழைவரிசை நோர்ஃபோக் கரையிலயும் கிழக்குக் கென்ட்டிலயும் ஏறும், லண்டன் வெறும் குளிரோட இருக்கும். 60 முதல் 75 பாகைக்குள்ள (நேர் வடக்கு 0, நேர் கிழக்கு 90) வந்தால் மட்டும் நெதர்லாந்துக்கு வடக்கால நீளக் கடலைக் கடந்து, நேரா தேம்ஸ் வாய்க்குள்ள நுழையும். எசெக்ஸ் கரைக் காற்றும் கென்ட் கரைக் காற்றும் நடுவில ஒதுங்கி மோதுற கோட்டில மேகம் வரிசை கட்டும். அதுதான் தேம்ஸ் ஸ்ட்ரீமர்.

அந்த வரிசை ஒரே தடத்தில மணித்தியாலக் கணக்கா ஓடும். அகலம் 10, 15 கிலோமீற்றர்தான். 2009 பெப்ரவரி 1 இரவு நடந்தது இதுதான். லண்டனின் சில பகுதிகளில 20 சென்டிமீற்றருக்கு மேல, வட டவுன்ஸ் குன்றுகளில 30 வரை. அடுத்த நாள் லண்டன் பஸ் முழுக்க நிறுத்தப்பட்டது. தென்கிழக்குக்கு 1991 பெப்ரவரிக்குப் பிறகு அவ்வளவு பனி அதுதான் முதல் தடவை. தடம் 10 கிலோமீற்றர் விலகினால் ஒருத்தருக்கு முழங்கால், பக்கத்தில இருக்கிறவருக்கு நட்சத்திர வானம்.

ஈஸ்ட்ஹாம்_புதியவர் | ஞாயிறு, காலை 10:20

நன்றி அண்ணா. ட்யூ பாயிண்ட் என்று அளவுகோல் சொன்னார்களே, அது பனிநிலை தானே? பனி விழும் வெப்பநிலை என்று பொருளா?

அளவுகோல் | ஞாயிறு, காலை 11:05

இல்லை தம்பி, இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பனிநிலை என்ற சொல்லில் உள்ள பனி புல்நுனியில் நிற்கும் மார்கழிப் பனித்துளி. வானத்திலிருந்து விழும் பனி அல்ல. காற்றில் இருக்கும் ஈரம் துளியாகத் திரளும் வெப்பநிலையே ட்யூ பாயிண்ட். அது எவ்வளவு தாழ்வோ, காற்று அவ்வளவு உலர்ந்தது.

நமக்கு வேண்டிய எண் ஈரக்குமிழ் வெப்பநிலை. மேலிருந்து விழும் பனியிதழ் உலர்ந்த காற்றுக்குள் நுழையும்போது அதில் கொஞ்சம் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,500 ஜூல் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. காற்று குளிர்கிறது. அப்படிக் குளிர்ந்து எங்கே போய் நிற்கிறதோ அதுதான் ஈரக்குமிழ்.

கணக்கு எளிது. வெப்பநிலைக்கும் ட்யூ பாயிண்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். அதில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலாக வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 3 பாகை, ட்யூ பாயிண்ட் மைனஸ் 4 என்றால் ஈரக்குமிழ் 0.4. பனியாகவே தரை தொடும். அதே 3 பாகை, ட்யூ பாயிண்ட் 1 என்றால் ஈரக்குமிழ் 2.1. குளிர் மழைதான். தெர்மாமீட்டர் இரண்டிலும் ஒன்றையே காட்டும்!

ஈரக்குமிழ் 1-க்கு மேல் என்றால் மழை அல்லது பாதி உருகிய சேறு. 1-க்கும் 0.5-க்கும் நடுவே பனி விழும், புல்லில் மட்டும் தங்கப் பார்க்கும். 0.5-க்குக் கீழே நன்றாகக் கொட்டினால் சாலையிலும் பிடிக்கும். 0-க்குக் கீழே என்றால் கவலையே இல்லை.

பிகின்ஹில்_182 | ஞாயிறு, மதியம் 12:44

உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று நன்றாகக் கலந்திருக்கும் போது 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு பாகை குறையும். ஹீத்ரோ 25 மீட்டர், பிகின் ஹில் 182. ஒன்றரைப் பாகை வித்தியாசம். ஹீத்ரோவில் ஈரக்குமிழ் 1.2 என்று சேறு விழும்போது பிகின் ஹில்லில் மரக்கிளை வளையும். மத்திய லண்டனுக்கு நகரத்தின் சொந்தச் சூடு வேறு. இரவில் அது புறநகரை விடச் சில பாகை கூடுதலாகவே இருக்கும். நல்ல காற்று வீசினால் அந்தச் சூடு கலைந்துபோகும். கிழக்குக் காற்றில் நகரத்துக்குள்ளும் பனி பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

வெறும் குளிருக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு: 2017 டிசம்பர் 10-ஐ நினைவில் வையுங்கள். அது ஸ்ட்ரீமர் அல்ல, மேற்கிலிருந்து வந்த தாழ்வழுத்தம். வேல்ஸில் சென்னிபிரிட்ஜில் 32 சென்டிமீட்டர், சில்டர்ன் குன்றுகள் வெள்ளை, மத்திய லண்டனில் பெரும்பாலும் மழையும் சேறும். தாழ்வழுத்தத்தின் வடக்குப் பக்கம் பனி, தெற்குப் பக்கம் மழை. பாதை 50 கிலோமீட்டர் நகர்ந்தால் எல்லைக்கோடும் நகரும். இந்த வாரம் பிஸ்கே பக்கத்துத் துண்டு வியாழன் மேலேறினால் நமக்கும் இதே தலைவலி வரும்.

உப்புவண்டி | திங்கள், காலை 7:50

மஞ்சள் எச்சரிக்கை வந்துவிட்டது, புதன் மாலை 6 முதல் வியாழன் காலை 10 வரை. மஞ்சள் என்றால் லேசான பனி என்று அர்த்தமில்லை. வானிலை அலுவலகத்தின் கட்டத்தைத் திறந்து பாருங்கள், ஒரு பக்கம் நடக்கும் வாய்ப்பு, இன்னொரு பக்கம் பாதிப்பு. வாய்ப்புக் குறைவு, பாதிப்பு அதிகம் என்றாலும் நிறம் மஞ்சள்தான். ஸ்ட்ரீமருக்கு முன்னால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், தடம் எங்கே விழும் என்று முதல் நாள் யாராலும் சொல்ல முடியாது.

சாலை உப்பு பற்றி, ஒவ்வொரு வருடமும் எழும் கேள்விகளுக்கு ஒரேயடியாக. உறைபனிக்கு முன்கூட்டித் தூவினால் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம். பனி வருமென்றால் 40 கிராம் வரை. உப்பு தானாக வேலை செய்யாது. ஈரத்தில் கரைந்து உப்புநீராக வேண்டும், வண்டிச் சக்கரம் அதை மிதித்துப் பரப்ப வேண்டும். அதனால்தான் போக்குவரத்தில்லாத உள்தெருவில் தூவியும் வெள்ளையாக இருக்கும். மைனஸ் 8, மைனஸ் 10-க்குக் கீழே போனால் உப்பு கிட்டத்தட்டப் பயனில்லை.

மோசமான நிலை எது தெரியுமா? முதலில் மழை, பிறகு பனி. மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி தூவப் போகும் வண்டி மாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளும். புதன் அந்த ஆபத்து இல்லை, காற்று உலர்ந்தது. வியாழன்தான் கவனம்.

வீட்டு வாசலுக்கு: சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் உப்பு போதும். பனி புதிதாக, மிதிபடாமல் இருக்கும்போதே தள்ளுங்கள். முதலில் நடுவே ஒரு பாதை, பிறகு நடுவிலிருந்து இரு ஓரமும். கொதிநீர் ஊற்றாதீர்கள், அரை மணியில் அது கண்ணாடி ஐஸ். உப்பு இல்லையென்றால் மணலோ சாம்பலோ தூவுங்கள். உருக்காது, ஆனால் கால் பிடிக்கும். செடி, புல் மேல் உப்பு வேண்டாம்.

குழாய்வேலை | திங்கள், மாலை 6:35

வானத்தைப் பார்க்கிற ஆக்கள் வீட்டுச் சுவரையும் ஒருக்கால் சுத்திப் பாருங்கோ. இந்த நாட்டுக் குளிரில முதலில நிக்கிறது பொயிலர்தான், நிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு குழாய்.

பொயிலரில இருந்து வெளிச்சுவரால இறங்கி வடிகாலுக்குப் போற பிளாஸ்டிக் குழாய், கண்டென்சேட் பைப். எரிஞ்ச வாயுவில இருந்து திரளுற தண்ணி துளித்துளியா அதால போகும். துளித்துளியாப் போறபடியால்தான் உறையுது. உள்ளுக்க ஐஸ் அடைச்சால் தண்ணி பின்வாங்கி, பொயில‌ர் களகள எண்டு சத்தம் போட்டு, பிழைக் குறியீடு காட்டி நிண்டிடும். வெளியால ஓடுற துண்டு குறைஞ்சது 32 மில்லிமீற்றர் இருக்கவேணும். பல வீட்டில மெல்லிய 21.5 தான் கிடக்கு. சரிவு மீற்றருக்கு 52 மில்லிமீற்றர். சரிவு இல்லாமல் மட்டமாக் கிடந்தால் தண்ணி தங்கி முதல் இரவே உறையும்.

நாளைக்குள்ள செய்யக்கூடியது: தண்ணி புகாத நுரை உறை வாங்கிக் குழாய் முழுக்க, முக்கியமா முழங்கை வளைவிலயும் நுனியிலயும், இடைவெளி விடாமல் போட்டுக் கட்டுங்கோ. கடும் குளிர் இரவில ஹீற்றிங்கை முழுசா நிப்பாட்டாமல் தெர்மோஸ்டாட்டை 15-இல விட்டு வையுங்கோ.

உறைஞ்சிட்டால்: கேத்தில் தண்ணியைக் கொதி ஆறவிட்டு, கை பொறுக்கிற சூட்டில, வெளிக்குழாயின்ட வளைவிலயும் நுனியிலயும் மெதுவா ஊத்துங்கோ. இரண்டு மூண்டு தரம் செய்யவேண்டி வரும். சுடுதண்ணிப் பையைக் கட்டி வைக்கலாம். கொதிதண்ணி ஊத்தினால் பிளாஸ்டிக் வெடிக்கும், நிலத்தில விழுந்தது ஐஸ் ஆகும். ஏணியில ஏறிச் செய்யாதேங்கோ. பிறகு பொயிலரை ரீசெற் பண்ணினால் போதும்.

தோட்டத்துக் குழாய்க்கு உள்பக்க வால்வைப் பூட்டி, வெளிக்குழாயைத் திறந்து வடியவிட்டுத் திறந்தபடியே விடுங்கோ. வீட்டு ஸ்டொப் கொக் எங்க இருக்கு எண்டு இண்டைக்கே தேடிப் பிடிச்சுத் திருப்பிப் பாருங்கோ, பெரும்பாலும் குசினி சிங்குக்குக் கீழ. குழாய் வெடிக்கிறது குளிரில, தெரியவாறது உருகேக்க. 2018 மார்ச்சில பனி உருகின பிறகுதான் இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல தண்ணி இல்லாமல் போனது.

அளவுகோல் | செவ்வாய், மாலை 5:10

நாளை அளக்கப் போகிறவர்களுக்கு. இந்த வேலை சரியாக நடந்தால் இழைக்கு அடுத்த வருடமும் பயன்படும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பலகை: 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், 40-க்கு 40 சென்டிமீட்டர், வெள்ளைப் பெயிண்ட். இன்றே வெளியே வையுங்கள், பலகை காற்றின் குளிருக்கு வந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து எடுத்து அப்போதுதான் வைத்தால் முதல் அரை மணிப் பனி அதில் கரைந்துவிடும். சுவர் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, மரத்தடியைத் தவிர்த்து. இடம் தெரிய ஒரு குச்சி நடுங்கள்.

ஸ்கேல்: பள்ளிக்கூட ஸ்கேலில் பூஜ்ஜியத்துக்கு முன்னால் சில மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் இருக்கும். அப்படியே குத்தினால் ஒவ்வொரு அளவும் குறைவாக வரும். முனையிலேயே பூஜ்ஜியம் தொடங்கும் உலோக ஸ்கேல் எடுங்கள். நான்கு இடத்தில் குத்திச் சராசரி. பலகையை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் துடைக்காதீர்கள். மணிக்கு மணி துடைத்து அளந்து கூட்டினால் பனி அமுங்க வழியில்லாமல் தொகை பொய்யாக ஏறும். தரையில் மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்பது வேறு அளவு, அதைக் காலை 9 மணிக்கு எடுங்கள்.

நீர் அளவு: மழைமானியின் புனலைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புனல் வாயில் பனி கூரை கட்டிவிடும். தானியங்கி மானிகளின் தட்டுவாளி உறைந்து இரவு முழுக்கப் பூஜ்ஜியம் காட்டும், அது மழையில்லை என்று பொருளல்ல. 127 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைப் பலகையில் நேராக அழுத்தி, உள்ளே வந்த பனியைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். 12.67 கிராமுக்கு 1 மில்லிமீட்டர். 101 கிராம் வந்தால் 8 மில்லிமீட்டர் நீர். பலகையில் 9 சென்டிமீட்டர் இருந்தால் விகிதம் பதினொன்று. இந்த விகிதத்தையும் எழுதுங்கள், வெறும் ஆழத்தைவிட அது நிறையச் சொல்லும். 1991-இல் ரயில்களின் மின்மோட்டாருக்குள் புகுந்து நிறுத்தியது, இந்த விகிதம் கூடுதலாக உள்ள நைசான உலர்ந்த பொடிப்பனிதான்.

கீழைக்காற்று | புதன், மதியம் 1:30

மாடல் பார்க்கும் நேரம் முடிந்தது. இனி 1.5 கிலோமீட்டர் கட்டமுள்ள யூகேவியை (வானிலை அலுவலகத்தின் பிரிட்டனுக்கான நுண் மாடலை) மட்டும் ஒரு கண் வைத்துக்கொண்டு, மற்றபடி நிஜ அளவீடும் ரேடாரும்.

விமான நிலைய அறிக்கை ஒவ்வொரு மணியும் 20-ஆம், 50-ஆம் நிமிடம் வரும். அதில் 02/எம்03 என்றிருந்தால் வெப்பநிலை 2, ட்யூ பாயிண்ட் மைனஸ் 3. முழு எண்ணாக்கிய மதிப்பு என்பதால் அரைப் பாகை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்கலாம். கென்ட் முனையில் மான்ஸ்டன் வானிலை நிலையம் (அங்கே இப்போது விமான நிலையம் இல்லை), பிறகு சவுத்எண்ட், லண்டன் சிட்டி விமான நிலையங்கள் என்று காற்று வரும் வரிசையில் பாருங்கள். மான்ஸ்டனில் ட்யூ பாயிண்ட் இறங்குவது நமக்கு முன்னறிவிப்பு.

ரேடாரில் இரண்டு பொய். உருகும் அடுக்கு கற்றையில் பட்டால் எதிரொலி பளிச்சென்று மிகையாகத் தெரியும், பார்த்து ஏமாறாதீர்கள். மறுபக்கம், ஸ்ட்ரீமர் மேகம் தாழ்வானது, உச்சி 2, 3 கிலோமீட்டர்தான். 100 கிலோமீட்டர் தள்ளி ரேடார் கற்றை ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. கடலுக்கு மேல் லேசாகத் தெரிவது கென்ட்டிலுள்ள தர்ன்ஹாம் ரேடாரை நெருங்க நெருங்கத் திடீரென்று வலுத்த மாதிரித் தோன்றும். பாதி வலு முதலிலிருந்தே இருந்ததுதான்.

வடகடல் | புதன், மாலை 6:48

மான்ஸ்டனில காற்று 80-இல இருந்து 65-க்குத் திரும்பிட்டுது. கடலுக்கு மேல ஒரு கோடு கட்டத் தொடங்குது, ஷெப்பி தீவுக்கு வடக்கால. இன்னும் அறுந்தறுந்துதான் கிடக்கு. 70-க்கு மேல ஏறாமல் நிண்டால் தடம் தென்கிழக்கு லண்டனுக்கு மேல விழும். 60-க்குக் கீழ போனால் கென்ட்டுக்குள்ளயே நிண்டிடும்.

பிகின்ஹில்_182 | புதன், இரவு 7:31

கிரேவ்சென்ட் வரை கோடு இணைந்துவிட்டது. மூன்று ரேடார் படமாகத் தடம் நகரவில்லை. நகராமல் இருப்பதுதான் முக்கியம்.

ஈஸ்ட்ஹாம்_புதியவர் | புதன், இரவு 7:56

லண்டன் சிட்டி 19:50 அறிக்கை: 01/எம்04. வித்தியாசம் 5, மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் என்றால் 1.8. ஈரக்குமிழ் மைனஸ் 0.8. சரியா அக்கா?

அளவுகோல் | புதன், இரவு 7:58

சரி. பலகை வெளியே இருக்கிறதா?

ஈஸ்ட்ஹாம்_புதியவர் | புதன், இரவு 8:00

மூன்று மணியிலிருந்து இருக்கிறது. புனலும் கழற்றியாயிற்று.